கன்னத்தை ஊதினால் தம்பி

என் மனைவி வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இரண்டு புருவத்தையும் நெருக்கி, மூக்கைச் சுருக்கி, ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலில் வைத்து ஒரு சுண்டு சுண்டினால் அது நான். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பெயரோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். வைத்தவன் என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் யார் மூஞ்சியையும் ஒரு தடவை பார்த்தால் போதும், ஆளை எடைபோட்டுப் பெயர் வைத்து வீடு முழுக்கப் பரப்பிவிடுவான். கல்யாணத்துக்கு மறுநாள் என்னை மேலும் கீழும் பார்த்தான். விரலைச் சுண்டினான். வீடே சிரித்தது.

"என்ன சொல்றான்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. உங்களுக்குப் பேரு வச்சிருக்கான்."

"என்ன பேரு?"

"கோச்சுக்கக் கூடாது. சிடுமூஞ்சி."

வந்ததே கோபம் எனக்கு! "யாரு சிடுமூஞ்சி?" என்று எழுந்து நின்றேன். புருவம் நெருங்கியது, மூக்கு சுருங்கியது. அவன் சொன்னதற்கு நானே சாட்சியாக நடு வீட்டில் நின்றேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அழிக்க யாராலும் முடியவில்லை.

நான் அச்சகத்தில் புரூப் பார்க்கிறவன். வார்த்தை ஒன்று உறுத்தினால் அதன் பூர்வீகம் தெரியும்வரை எனக்குத் தூக்கம் வராது. சூடான எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் எழுகிற சத்தம் சிடுசிடு என்று அகராதியில் இருந்தது. அப்படிப் பொரிகிறவன் சிடுமூஞ்சி. சரி, நியாயம்தான். ஆனால் விரலை எதற்குச் சுண்டினான்? அவன் வேலை செய்யும் இடத்தில் ஒருநாள் நின்றபோதுதான் விளங்கியது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பதமாக இருக்கிறதா என்று பார்க்க விரலைத் தண்ணீரில் தொட்டு அதன்மேல் சுண்டினான். நீர்த்துளி துள்ளிச் செத்தது. சத்தம் என்றால் என்னவென்றே தெரியாதவன், அந்த வார்த்தையின் வேரைச் சரியாகப் பிடித்திருக்கிறான். அன்றைக்கு அவன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. கோபமும் போகவில்லை.

ஆனால் இது என்னைப் பற்றிய கதை இல்லை, என் மனைவியைப் பற்றியது. அவள் தன் தம்பியோடு சேர்ந்து ஒரு சலவைக் கடை நடத்துகிறாள். அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் இஸ்திரி. இவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் அவனோடு பேசுவது. இரண்டையும் சேர்த்துக் கடை போட்டார்கள், பதினெட்டு வருஷமாக ஓடுகிறது.

கடை நீளமான ஒற்றை அறை. குறுக்கே மரத் தடுப்பு. முன்பக்கம் இவளும் ஒரு மேஜையும், வாடிக்கையாளர் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும். பின்பக்கம் அவன், இரண்டு இஸ்திரி மேஜைகள், துவைக்கிற இயந்திரம், கூரைவரை அலமாரி. தடுப்பில் தலையளவு ஒரு திறப்பு இருக்கிறது. மற்ற சலவைக் கடைகளில் துணியின் உள்பக்கம் மையால் குறி போடுவார்கள், சீட்டு குத்துவார்கள். இங்கே மையும் கிடையாது, சீட்டும் கிடையாது. வாடிக்கையாளர் வந்து நின்றால் இவள் தடுப்பை இரண்டு தட்டு தட்டுவாள். மரத்தின் அதிர்வு மேஜை வழியாக அவன் கைக்குப் போகும். அவன் நிமிர்ந்து திறப்பைப் பார்ப்பான். இவள் வந்தவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவருடைய மூஞ்சியை அப்படியே செய்து காட்டுவாள். கண் இமைக்கும் நேரம்தான். திரும்பும்போது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, "உட்காருங்க சார், இதோ வந்துடும்" என்பாள். அந்த ஆளின் மூட்டை திறப்பு வழியாக வந்துவிடும்.

பாங்கு மேனேஜர் உம்மணாமூஞ்சி. உதட்டின் இரண்டு ஓரத்தையும் கீழே இழுத்து விட்டால் அவர். இன்சூரன்ஸ் ஏஜென்ட் அசடு வழிகிறவர், கோணல் சிரிப்பு. பல் டாக்டர் இஞ்சி தின்றவர். தையல் டீச்சர் பேயறைந்தவர். மூலைக் கட்டிடத்து வாட்ச்மேன் தூங்குமூஞ்சி என்று சொல்லவே வேண்டாம். நல்ல மனுஷர்கள், பாவம். பதினெட்டு வருஷத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை.

"பாவமில்லையா, ஊர்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் அழகு காட்டிக்கிட்டு?" என்று கேட்டேன் ஒருநாள்.

"நான் என்ன கேலியா பண்றேன்? அதுதாங்க அவங்க பேரு. நீங்க அவங்க பேரை எழுதறீங்க, நாங்க செஞ்சு காட்டறோம்."

கோணல்மாணலாக மூஞ்சியைச் செய்து காட்டுவதற்கு நம் ஆட்கள் 'அழகு காட்டுவது' என்று பெயர் வைத்ததை நான் அடிக்கடி யோசிப்பேன். அது கிண்டல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் கடையில் நின்று பார்த்த பிறகு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முகம் என்பது மரியாதையான வார்த்தை. அச்சில் வரும், கல்யாணப் பத்திரிகையில் வரும். ஊர் துறைமுகம் என்கிறது, அறிமுகம் என்கிறது. துறைமூஞ்சி, அறிமூஞ்சி என்று யாரும் சொல்லி நான் புரூப் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்தால் எல்லாருக்கும் இருப்பது மூஞ்சிதான். விலங்குக்கு நீட்டிக்கொண்டிருப்பதும் மூஞ்சிதான், அதனால்தான் மூஞ்சூறுக்கு அந்தப் பெயர் என்று எனக்கு ஒரு எண்ணம். மொகரை என்பது முகர்வதிலிருந்து, அதாவது மூக்கிலிருந்து வந்திருக்கும் என்பதும் என் ஊகம். அதோடு கட்டையைச் சேர்த்து மொகரக்கட்டை என்றால் மோவாய் எலும்பு வரைக்கும் சேர்த்தி. பேத்துவிடுவேன் என்று மிரட்டத்தான் அந்த வார்த்தையை எடுப்பார்கள், கொஞ்ச எடுத்தவர்கள் இல்லை. இப்படித்தான் நினைத்திருந்தேன்.

இனி தம்பியின் பெயர். பள்ளிக்கூடப் பதிவில் அவனுக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அதை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் பிறந்தபோது இவளுக்கு ஏழு வயது. நினைத்தது கிடைக்காவிட்டால் அவன் கன்னம் இரண்டையும் உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவானாம். அதைப் பார்த்து இவள் தன் கன்னத்தை ஊதிக் காட்டியிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கிறான். அன்றிலிருந்து கன்னத்தை ஊதினால் தம்பி. கடையில் ஒவ்வொரு தடவையும் தடுப்பைத் தட்டியதும் முதலில் கன்னத்தை ஊதுவாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் விஷயம். ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது தம்பியின் பெயரைச் சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது.

அது நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இடது பக்க வாயோரமாக ஒழுகி ரவிக்கையை நனைத்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு பக்கம் சிரிக்கிற மாதிரியும் ஒரு பக்கம் செத்த மாதிரியும் இருந்தது.

"என்ன மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றேன். விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே எத்தனை தடவை திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

"நான் ஒண்ணும் வைக்கலைங்க" என்றாள். அவள் சொன்ன 'வ' சரியாக வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், காலை நீட்டச் சொன்னார், டார்ச் அடித்துப் பார்த்தார். "பக்கவாதம் இல்லைம்மா, பயப்படாதீங்க. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. பெரும்பாலும் சரியாயிடும். மாத்திரை தர்றேன், பிசியோதெரபி பண்ணணும். இடது கண்ணு மூடாது, அதுக்கு மருந்து விட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார்.

"எவ்வளவு நாள் சார்?"

"சிலருக்கு மூணு வாரம். சிலருக்கு ஆறு மாசம்."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. ஆனால் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துக் கன்னத்தை ஊதிப் பார்த்தாள். புஸ்ஸென்று காற்று இடது வாயோரமாகப் போய்விட்டது. கண்ணாடியை மூடிப் பைக்குள் போட்டாள்.

நாலாம் நாள் கடைக்குப் போனாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நானும் துணைக்குப் போனேன். பாங்கு மேனேஜர் வந்து நின்றார். தடுப்பைத் தட்டினாள். தம்பி நிமிர்ந்தான். கன்னத்தை ஊதினாள், காற்று போய்விட்டது. இன்னொரு தடவை ஊதினாள், எச்சில் தெறித்தது. அதை விட்டுவிட்டு உம்மணாமூஞ்சியைச் செய்தாள். வலது ஓரம் இறங்கியது, இடது பக்கம் அசையவே இல்லை. இரண்டும் சேர்ந்து கோணல் சிரிப்பாக வந்தது. அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டின் மூட்டையை எடுத்துக் கொடுத்தான். இவள் கண்ணுக்கு மருந்து விட்ட மங்கலில் கவனிக்கவில்லை. மேனேஜர் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால் கிளியும் பூவும் போட்ட நாலு சட்டைகள். மறுநாள் அவர் வந்து நின்ற கோலத்தை மறக்க முடியாது. உம்மணாமூஞ்சி என்றால் அதுதான் உம்மணாமூஞ்சி.

அந்த முதல் நாளிலேயே ஏழெட்டு மூட்டைகள் மாறிப்போயின. கடைசியில் தம்பி கையை விரித்து, யாரு, யாரு என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இவள் செய்து காட்டக் காட்ட அவன் நெற்றியைச் சுருக்கினான். நாற்பது வருஷமாகப் புரிந்துகொண்ட முகம் அவனுக்குப் புரியவில்லை. இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து சீட்டு வந்தது. பாங்கு, பல், தையல் என்று காகிதத்தில் எழுதித் திறப்பு வழியாக நீட்டினாள். அவன் எட்டாவது வரைக்கும் படித்தவன், நன்றாகவே வாசிப்பான். துணி மாறாமல் வந்தது. ஆனால் இவள் தடுப்பைத் தட்டவில்லை. திறப்புக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அவன் காகிதத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்க்கவில்லை. சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான், அதுவும் நின்றுபோனது. தான் குடியிருக்கும் மாடி அறையிலேயே எதையோ சமைத்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம் ஒரு காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். ஊருக்கு வெளியே உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கு இஸ்திரி ஆள் வேண்டுமாம், தங்க இடமும் உண்டாம். விண்ணப்பப் படிவத்தைத் தானே நிரப்பியிருந்தான். தப்பில்லாமல் இருக்கிறதா என்று நான் பார்த்துத் தபாலில் போடவேண்டும், அவ்வளவுதான்.

ஏன் என்று எழுதிக் காட்டினேன். அவன் அதற்குக் கீழே எழுதினான்: "சீட்டு பார்த்து வேலை செய்ய எந்த இடமா இருந்தா என்ன மாமா. அக்கா இப்போ என்னைக் கூப்பிடுறதே இல்லை. என்ன கோபம்னு தெரியலை."

"கோபமில்லடா, வியாதி" என்று எழுதினேன். அவனுக்கு அது தெரியாதா என்ன? தலையை ஆட்டினான். "தெரியும். ஆனா பார்த்தா கோபமாத்தான் தெரியுது" என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட்டான். படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் இவள் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை ஊதிக்கொண்டிருந்தாள். பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். ஆறு பயிற்சிகள் கொடுத்திருந்தாள். புருவத்தை ஏற்றுவது, கண்ணை மெதுவாக மூடுவது, மூக்கைச் சுருக்குவது, உதட்டைக் குவிப்பது, சிரிப்பது, கன்னத்தை ஊதுவது. இவள் ஐந்தை விட்டுவிட்டு ஆறாவதை மட்டும் நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தாள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பெண்ணே கண்டுபிடித்துவிட்டாள்.

"கண்ணு மூடுறதுதாம்மா முதல்ல முக்கியம். கன்னத்தைப் போட்டு இப்படிப் படுத்தக் கூடாது, கெடுதல். அது கடைசியா வந்தாப் போதும்."

"கண்ணு மூடலன்னாப் பரவாயில்லை, திறந்துகிட்டே தூங்கிக்கிறேன். எனக்குக் கன்னம்தான் வேணும்" என்றாள் இவள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "டாக்டர் சொன்னா கேக்க மாட்டியா? கண்ணு போயிட்டா என்னடி பண்ணுவ? ஏன் இந்தப் பிடிவாதம்?"

"கத்தாதீங்க" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். இடது கண்ணிலிருந்து எப்போதும் நீர் வடிந்துகொண்டிருக்கும், இப்போது வலது கண்ணிலும் வந்தது. "அவனுக்கு வேற பேரே கிடையாதுங்க. நான் வச்ச பேரு. எனக்கே சொல்ல வரலை. பேரைச் சொல்லாம எப்படிங்க அவன் மூஞ்சியில முழிப்பேன்? அன்னிக்கு ஊதினப்ப எச்சி தெறிச்சுது. அவன் கண்ணை எடுத்துட்டான். என்னால தாங்க முடியலை."

"இதையே அவன்கிட்ட சொல்லேன்."

"வேண்டாம். நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க. சரியாகட்டும், நானே கூப்பிடுறேன்."

பண்ணித் தொலைத்தேன். சட்டைப் பையில் படிவம், நெஞ்சில் சத்தியம். இவள் கன்னம் சரியாகும்வரை அவன் இருப்பானா என்பது எனக்குத் தெரியவில்லை. படிவத்தை நாளைக்குப் போடுகிறேன், நாளைக்குப் போடுகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஐந்தாவது வாரம் அவளை முழுநாள் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லிவிட்டார்கள், நரம்புக்கு ஏதோ பரிசோதனை. அவளோடு அவள் சித்தி போனாள். நான் லீவு போட்டுவிட்டுக் கடையில் நின்றேன். சீட்டு எழுதி நீட்டியிருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாங்கு மேனேஜர் வந்து உட்கார்ந்தார். மனதைத் திடப்படுத்திக்கொண்டு தடுப்பைத் தட்டினேன். நாலு வாரத்துக்குப் பிறகு அந்த அதிர்வை உணர்ந்த தம்பி பதறி நிமிர்ந்தான். அங்கே அக்கா இல்லை, நான் நின்றேன். உதட்டோரம் இரண்டையும் கீழே இழுத்தேன்.

அவன் உற்றுப் பார்த்தான். உள்ளே போனான். இஸ்திரி போட்ட ஒரு கோடு போட்ட சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னுது இல்லையே."

எப்படி அவருடையதாக இருக்கும்? அது என் சட்டை. மறுபடி தட்டினேன். இன்னும் பலமாக இழுத்தேன், கன்னத்தைத் தொங்கவிட்டேன். அவன் மறுபடி போய் என்னுடைய இன்னொரு சட்டையைக் கொண்டுவந்தான். நான் எந்த மூஞ்சியைச் செய்தாலும் அவனுக்கு அது சிடுமூஞ்சியாகத்தான் தெரிந்தது! மேனேஜர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரித்தார். "சார், உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

மூன்றாவது தடவை அவன் சட்டையைக் கொண்டுவரவில்லை. சலவைக்கு வரும் துணிகளின் பையைத் துழாவி, கிடைப்பதை எடுத்துப் போட்டு வைக்க ஒரு டப்பா வைத்திருப்பான். அதிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். அவனுடைய படிவம். சட்டையைச் சலவைக்குப் போட்டபோது அதை எடுக்க மறந்திருக்கிறேன். ஏன் போடவில்லை என்று கையை விரித்துக் கேட்டான்.

மாட்டிக்கொண்டேன். மேனேஜரின் மூட்டையை நானே அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, பென்சிலை எடுத்தேன். சத்தியமாவது மண்ணாவது என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். "உன் அக்கா தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு கன்னத்தை ஊதுறா. வேற எந்தப் பயிற்சியும் செய்யலை. டாக்டர் திட்டியும் கேக்கலை. உன் பேரைச் சொல்ல வரலைன்னு அழறா. பேரைச் சொல்லாம உன் மூஞ்சியில முழிக்க வெக்கப்படறா. கோபம் இல்லை. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. நான் சொன்னதா சொல்லாதே."

அவன் வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். படிவத்தையும் அந்தக் காகிதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அன்று முழுக்க அவன் துவைக்கிற இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் தன் மூஞ்சியைப் பார்த்து என்னவோ செய்துகொண்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தால் விரலைச் சுண்டி விரட்டினான்.

மறுநாள் காலை அவளோடு நானும் கடைக்குப் போனேன். மனசு கேட்கவில்லை. அவள் ஒரு கையால் முந்தானையை வாயில் பொத்தியபடி மேஜையில் உட்கார்ந்து, தையல் டீச்சருக்காகச் சீட்டு எழுத ஆரம்பித்தாள். அப்போது தடுப்பு இரண்டு தடவை தட்டப்பட்டது. உள்ளேயிருந்து. பதினெட்டு வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் தட்டியதில்லை. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

திறப்பில் தம்பியின் முகம். வாயை மூடியிருந்தான். ஒரு பக்கக் கன்னம் மட்டும் உருண்டையாகப் புடைத்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டினான், பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் மறுபடி செய்தான். பிறகு வாயைத் திறந்து நாக்கைக் காட்டி, அதைக் கன்னத்துக்குள் முட்டினான். காற்று வேண்டாம், நாக்கு போதும். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். நாக்கை வலது கன்னத்துக்குள் முட்டினாள். கன்னம் புடைத்தது. ஒழுகவில்லை, தெறிக்கவில்லை, அப்படியே நின்றது.

அவன் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் செய்வது மாதிரி கையைத் தூக்கினான்.

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தையல் டீச்சர் பேயறைந்த மாதிரி நின்றாள், பாவம், அவளுக்கு அது வழக்கமான மூஞ்சிதான். நான் ஒன்றும் அழவில்லை. உள்ளே நீராவி அதிகம், கண் எரிந்தது.

அன்றிலிருந்து சீட்டுக்கு வேலை இல்லாமல் போனது. பாதி மூஞ்சியிலேயே எல்லாப் பெயர்களையும் புதிதாகச் செய்துகொண்டார்கள். வலது ஓரம் மட்டும் இறங்கினால் மேனேஜர், வலது கண் மட்டும் செருகினால் வாட்ச்மேன். ஒரு வாரத்தில் மூட்டை மாறுவது நின்றது. அவனும் சாயங்காலம் சாப்பிட வந்துவிட்டான். இவளும் நிம்மதியாக மற்ற ஐந்து பயிற்சிகளையும் செய்ய ஆரம்பித்தாள், கண் மூட வந்தது. கொஞ்ச நாள் கழித்து அலமாரியிலிருந்து என் சட்டை ஒன்றைப் பிரித்தேன். விறைப்புக்காக உள்ளே வைத்து மடிக்கிற அட்டைக்குப் பதில் ஒரு காகிதம் இருந்தது. அந்த விண்ணப்பப் படிவம்தான். ஓரத்தில், "மாமா, தேவையில்லை" என்று எழுதியிருந்தான்.

நாலரை மாதத்தில் முகம் முக்கால்வாசி திரும்பியது. ஒரு காலையில் என்னை எழுப்பி, கன்னம் இரண்டையும் ஊதிக் காட்டினாள். இரண்டும் உப்பி நின்றன. "வந்துடுச்சுங்க! வந்துடுச்சு!" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். காப்பிகூடக் குடிக்காமல் கடைக்குக் கிளம்பினாள், நானும் பின்னால் ஓடினேன். தடுப்பைத் தட்டினாள். அவன் நிமிர்ந்ததும் கன்னம் இரண்டையும் முழுசாக ஊதி நின்றாள்.

அவன் முகமெல்லாம் சிரிப்பு. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, திறப்பு வழியாகக் கையை நீட்டி அவள் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினான். நாக்கை ஒரு பக்கக் கன்னத்துக்குள் முட்டிக் காட்டி, கையால் என்னென்னவோ சொன்னான். அவள் முகம் மாறியது.

"என்னவாம்?" என்றேன்.

"அது நான் அவனுக்கு வச்ச பேராம். இது அவன் எனக்காக வச்சுக்கிட்ட பேராம். இனிமே இதுலதான் கூப்பிடணுமாம், அதுல கூப்பிட்டாத் திரும்ப மாட்டானாம்." உடனே அவளுக்குப் பொய்க்கோபம் வந்துவிட்டது. "பாருங்களேன் திமிரை! நான் மாசக்கணக்கா ஊதி ஊதி வாய் வலிச்சு வாங்கிட்டு வந்திருக்கேன், இவருக்கு வேண்டாமாம். டேய், மொகரக்கட்டையைப் பேத்துடுவேன்!"

தன் மோவாயில் முஷ்டியை வைத்து அதை அவனுக்கும் செய்து காட்டினாள். அவன் மோவாயை நீட்டி, பேர்த்துக்கொள் என்று திறப்பில் வைத்தான். அவள் அதைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். அந்த வார்த்தையைக் கொஞ்சுவதற்கு எடுத்தவர்கள் இல்லை என்று நான் நினைத்திருந்தது தப்பு.

வாசலில் பாங்கு மேனேஜர் வந்து நின்றார். "அம்மா, என் துணி..." என்றார். அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். இரண்டு கன்னமும் நன்றாக இருக்கிற அந்த முகத்தில், நாக்கை ஒரு பக்கக் கன்னத்துக்குள் முட்டினாள். அவன் கையைத் தூக்கினான்.